பிரினால்பா வீட்டாரை விசாரித்தது

அக்கா,

இந்த முறை பனி கரைய நாளாகிவிட்டது. நேற்றுத்தான் குளிர்கோட்டைக் கழுவக் கொடுக்கலாம் என்று எடுத்துப் பைகளைத் துழாவினேன். பழைய பஸ் டிக்கெட் ஒன்று, இருமல் மிட்டாய் இரண்டு, உட்பையின் மூலையில் ஒரு சிறிய சிவப்புக் கையுறை. சோடி இல்லை, ஒன்றுதான். மணிக்கட்டு மடிப்பைத் திருப்பினால் வெள்ளை நூலில் உங்கள் தையல். பெயர் ஒரு வரியில் அடங்காமல் இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது: லியா அருளம்பலம்-பிரினால்பா.

கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன்.

லியாவைக் கார்டெரியில், பகல்நேரப் பிள்ளைகள் காப்பகத்தில், சேர்த்தபோது, தொப்பி, சப்பாத்து, கையுறை எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர் இருக்கவேண்டும் என்றார்கள். மதுரா தன் மகளுக்காகப் பெயர் ஒட்டிகளை அச்சடிக்கக் கொடுத்து எடுத்துவந்தாள். அதில் பெயர் பாதியில் நின்றது. நீங்கள் அத்தனையையும் உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஊசி எடுத்தீர்கள்.

“பாதிப் பேரோட என்ர பேத்தி வெளியில போகத் தேவையில்லை.”

மொன்றியல் ஷபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்காக ஊர் பேர் தெரியாதவர்களின் கொலர்களைத் தைத்த கை அது. அந்தக் கை தைத்த ஒரே பெயர் இதுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பெயரின் பின்பாதியைத்தான் ஒரு காலத்தில் நீங்கள் என்னைக் கொண்டு விசாரிப்பித்தீர்கள்.

கோட்-டெ-நெஜ் வீட்டில் நடந்தது நினைவிருக்கிறது. நான் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் தொடங்கிவிட்டீர்கள்.

“தம்பி, மதுரா ஒரு பெடியனைப் பிடிச்சிருக்கிறாள். இத்தாலிக்காரன்.”

“நல்லதுதானே அக்கா.”

“நல்லதோ கெட்டதோ ஆர் கண்டது? நீ ஒருக்கா விசாரி.”

“இத்தாலிக்காரரை நான் எங்க போய் விசாரிக்கிறது?”

“யாழ்ப்பாணத்திலையும் இஞ்சையும் ஊரெல்லாம் விசாரிச்சுப் பேப்பரில எழுதினனீ. சொந்த மருமகளுக்கு விசாரிக்க ஏலாதோ? பேர் பிரினால்பாவாம். என்ன ஆக்கள், எந்த ஊர், இனசனம் எப்பிடி, எல்லாம் கேள்.”

சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளறையில் இருந்து வந்த மதுராவின் முகத்தைப் பார்த்தபின் சிரிக்க முடியவில்லை. என்னை வழியனுப்பும் சாட்டில் அவள் மின்தூக்கி வரை வந்தாள்.

“மாமா, அம்மா ஓம் எண்டாத்தான் நான் செய்வன். அப்பா இல்லாமத் தனிய நிண்டு என்னை வளர்த்தவ. அவ வேண்டாம் எண்டா நான் அவனிட்டச் சொல்லிப்போடுவன். ஆனா...” என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. மின்தூக்கி வந்துவிட்டது.

விளையாட்டாகத் தொடங்கவேண்டிய வேலையை நான் முழுமனதோடு தொடங்கியது அந்தச் சொல்லாத மிச்சத்துக்காகத்தான்.

முதலில் பழைய தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்தேன். மொன்றியலில் அந்தப் பெயரில் ஒரே ஒரு வீடு, சென்-லெயோனாரில். பிறகு கணினியில், ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரைத் தட்டினால் அந்தப் பெயர்க்காரர் நாட்டில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று வரைபடம் காட்டும் ஓர் இடம் இருப்பதைக் கண்டேன். வேறு பெயர்களைத் தட்டினால் அம்மை போட்டதுபோல நாடு முழுவதும் புள்ளிகள். பிரினால்பா என்று தட்டினேன். மொலீசே மலைப்பக்கத்தில் ஒரு புள்ளி. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினாலும் வேறு இல்லை.

உங்களுக்கு அது பிடிக்கவில்லை.

“ஒரு வீடோ? இனசனம் இல்லாத இடத்தில எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது? ஒரு நல்லது கெட்டதுக்கு ஆர் வந்து நிப்பினம்?”

“ஆக்கள் குறைவெண்டால் பெரிய இடமாயும் இருக்கலாம் அக்கா.”

“பெரிய இடமெண்டால் பெடியன் ஏன் கொண்டெய்னர் லொறி ஓடுறான்?”

அந்தப் பெடியன் மார்க்கோ துறைமுகத்தில் லொறி ஓட்டினான். அவனுடைய தகப்பனும் அங்கேதான்.

சென்-லெயோனாரில் இத்தாலியக் கிழவர்கள் சீட்டு விளையாடும் ஒரு காப்பிக் கடைக்குப் போனேன். ஒருவர் என்னைப் பார்த்து, “பொலிசா, வரிக் கந்தோரா?” என்றார். கலியாண விசயம் என்றதும் கதிரை தந்தார்கள். அரைப் பிரெஞ்சு, அரை ஆங்கிலம். ஆளுக்கு ஆள் எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்டதைப் பார்த்தால் நம் கோயில் வீதியில் இருப்பதுபோல இருந்தது. ஆனால் அந்தப் பெயரை ஒருவருக்கும் தெரியவில்லை. “அப்படி ஒரு பெயர் கிடையாது, யாரோ உன்னை ஏமாற்றுகிறார்கள்” என்றார் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவர். அதை உங்களிடம் நான் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது செய்தி ஆகாது.

மார்க்கோவின் பாட்டனாரை நேரில் கண்டு கேட்பதுதான் முறை என்று பட்டது. மார்க்கோ என்னைக் கூட்டிப்போனான். மேல்மாடியில் குசினி ஒன்று, சாமியறை மாதிரிப் பளபளவென்று. அதில் யாரும் சமைப்பதில்லை. சமையலும் சாப்பாடும் நிலக்கீழ் அறையில் இருந்த இரண்டாவது குசினியில். பிறகு இதைக் கேட்டு நீங்கள், “எங்கட சனம் கார் விடுற கராச்சில மீன் பொரிக்கிறமாதிரி” என்று முதன்முறையாகச் சிரித்தீர்கள்.

பாட்டனார் ஒல்லியான மனிதர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மேசையில் தட்டிச் சிரித்தார். தம் மகனும் துறைமுகத்தில் ஒரு தமிழரைப் பிடித்து அருளம்பலம் குடும்பத்தைப் பற்றி விசாரித்தானாம். அந்தத் தமிழர், “அருளம்பலங்கள் கன பேர் இருக்கினம், ஆனா ஒருதருக்கொருதர் சொந்தமில்லை” என்று சொல்லிவிட்டாராம். அது எப்படி என்று அவருக்கு விளங்கவே இல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, தகப்பனுடைய பெயரைத்தான் பிள்ளை முன்னால் வைத்துக்கொள்கிறது, கனடாவில் அதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன். மதுராவின் பெயரில் இருப்பது அவளுடைய தகப்பன். சண்டைக் காலத்தில் ஒரு நாள் கடைக்குப் போனவர். வரவில்லை என்றேன்.

பாட்டனார் சிரிப்பை நிறுத்தினார். தங்கள் கதையைச் சொன்னார். மார்க்கோ ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் கேட்டதை அன்றிரவே உங்களிடம் நம் பேச்சில் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

“எங்கட பரம்பரைக்கு ஊர் இல்லை. ஒரு சுவர்தான் இருக்கு. அந்தக் காலத்தில கன்னியர் மடத்துச் சுவரில மரத்தால செய்த ஒரு சுழலும் பெட்டி இருக்கும். வளர்க்க ஏலாத தாய்மார் வெளியில நிண்டு பிள்ளையை அதில வைச்சுச் சுத்திவிடுவினம். உள்ள மணி அடிக்கும். கன்னியர் வந்து எடுப்பினம். வெளியில நிண்டது ஆரெண்டு ஒருதரும் பாக்கிறேல்லை. என்ர தாத்தான்ர தகப்பன் அப்பிடி வந்த பிள்ளை.”

முன்பெல்லாம் இப்படி வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைப்பார்களாம். அந்தப் பெயரைக் கேட்டதும் ஊருக்குத் தெரிந்துவிடும். பிள்ளை வளர்ந்து கிழவனானாலும் தெரியும். பிறகு அதைக் கைவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக ஒரு பெயரை, அதற்குமுன் ஒருவருக்கும் இல்லாத பெயரை, எழுதுகிறவரே உண்டாக்கினாராம். இந்தப் பிள்ளை வந்த காலையில் உறைபனி படிந்திருந்தது. பிரினா என்றால் உறைபனி, ஆல்பா என்றால் விடியல். ஆகவே பிரினால்பா. அந்தப் பெயர் உள்ள எவரும் அந்த ஒரு பிள்ளையின் வழி வந்தவர்தான்.

என் வழக்கப்படி இன்னொருவரிடமும் தனியே கேட்டேன். பாட்டனாரின் தங்கை மேலே சாளரத்தருகே இருந்தார். அவரும் அதையே சொன்னார், ஒன்றைக் கூட்டி. பிள்ளையின் கழுத்தில் மாதாவின் பதக்கம் ஒன்று கட்டியிருந்ததாம், இரண்டாக வெட்டிய பதக்கத்தின் ஒரு பாதி. மற்றப் பாதியைத் தாய் வைத்திருப்பாள். எப்போதாவது வசதி வந்து தேடிவந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையைக் கொடுப்பார்கள். அதுதான் அங்கே முறை.

பஸ்ஸில் திரும்பும்போது மனம் கனத்தது. தாய் தகப்பன் யாரென்று ஒருக்காலும் தெரியவராத ஒரு குழந்தை. நம் ஆட்களின் விசாரணையில் இதைவிடப் பெரிய குறை இல்லை. ‘ஆற்ற பிள்ளையோ’ என்ற ஒரு சொல்லில் எத்தனை சம்பந்தங்கள் குலைந்ததை நானே கண்டிருக்கிறேன். கொஞ்சம் மழுப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

நீங்கள் மேசையில் பழைய பேப்பரை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். மதுரா சுவரோடு சாய்ந்து நின்றாள். சுவர், பெட்டி, மணி, உறைபனி எல்லாவற்றையும் சொன்னேன். பதக்கத்தைக் கடைசியில் சொன்னேன். உங்கள் கை நின்றது.

“மற்றப் பாதி?”

“ஒருதரும் கொண்டு வரேல்லையாம் அக்கா.”

மதுரா சுவரை விட்டு மேசையருகே வந்தாள்.

“அவ வந்திருப்பா தம்பி,” என்றீர்கள். “கதவு திறந்திருக்காது.”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. சண்டைக்குத் தப்பிக் கடலேரியைக் கடந்த அந்தக் கிளாலிக் கரையைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். படகில் இடமில்லை, பிள்ளையை வேண்டுமானால் ஏற்றலாம் என்றானாம் படகுக்காரன். பின்னால் வெடிச்சத்தம். ஏற்கெனவே ஏறியிருந்த ஒரு பெண் இரண்டு கையையும் நீட்டினாளாம். அவள் பெயர் உங்களுக்குத் தெரியாது. கைக்குழந்தை மதுராவைக் கொடுத்துவிட்டு நீங்கள் தண்ணீரில் நின்றீர்கள். அடுத்த படகு விடியத்தான் வந்தது. அக்கரையில் இறங்கி ஒவ்வொரு மரத்தடியாகக் கேட்டுக்கொண்டு போனீர்கள். ஒரு மரத்தின் கீழ் அந்தப் பெண் பிள்ளையோடு இருந்தாள். அவள் போகாமல் இருந்தாள், அவ்வளவுதான். போயிருந்தால் மதுராவும் இன்று யாரோ வைத்த ஒரு பெயரோடுதான் இருப்பாள்.

கீரையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிக் கையைக் கழுவினீர்கள்.

“அந்தப் பெடியனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடு பிள்ளை. உறைப்புத் தின்னுவானோ?”

மதுரா அழத் தொடங்கினாள். “ஏனடி அழுறாய்? நான் என்ன வேண்டாம் எண்டோ சொன்னனான்?” என்று அவளைப் பேசினீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினீர்கள்.

கலியாணத்துக்குப் பாட்டனார் கழுத்துப்பட்டியோடும் நீங்கள் கொடுத்த சால்வையோடும் வந்தார். உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் இலையில் நீங்களே பாயாசம் விட்டதைப் பார்த்தேன்.

லியா பிறந்தபோது அடுத்த கேள்வி வந்தது. கியூபெக்கில் மனைவி தன் பெயரை மாற்றுவதில்லை. பிள்ளைக்குத் தாயின் பெயரும் வைக்கலாம், தகப்பனின் பெயரும் வைக்கலாம், இரண்டும் வைக்கலாம். இரண்டையும் வைப்போம் என்று சொன்னது மார்க்கோ. “ஒருத்தரும் தேடி வராத பிள்ளை, ஒருத்தர் திரும்பி வராத வீடு. இரண்டு பெயரையும் இவளே வைத்திருக்கட்டும்” என்றான். மதுரா அதைத் தமிழில் சொன்னாள். நீங்கள் பிள்ளையை வாங்கி, “அருளம்பலம்” என்று ஒருமுறை கூப்பிட்டீர்கள். அத்தான் போனபின் அந்தப் பெயரை நீங்கள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அந்த வரைபடத்தில் இப்போது லியாவின் முழுப் பெயரைத் தட்டினால் ஒரு புள்ளியும் வராது. உலகத்தில் அந்தப் பெயருக்கு அவள் ஒருத்திதான்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கையாய்க் கிடந்த இந்தப் பனிக்காலத்தில் லியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் கட்டிலில் ஏறி உங்கள் குழாய்களை எல்லாம் என்ன என்ன என்று கேட்டாள். திரும்பும்போது ஒரு கையுறையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். உங்கள் கைக்குள் அது இருந்ததை நான் பிறகுதான் கண்டேன். எடுக்கப் போனேன். விடவில்லை நீங்கள். எல்லாம் முடிந்தபின் தாதி உங்கள் விரல்களை விரித்து எடுத்து என்னிடம் தந்தாள். பையில் வைத்தேன். பிறகு வந்த நாட்களில் நான் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை என்று எனக்கு நினைவில்லை.

நேற்று மதுராவுக்குப் போன் எடுத்தேன்.

“சிவப்போ மாமா? மற்றது இஞ்சதான் இருக்கு. லியாவுக்கு இப்ப அது சின்னன். எண்டாலும் எறியேல்லை. சோடி எங்கையேன் இருந்து வரும் எண்டு அலுமாரி லாச்சிக்குள்ள வைச்சிருக்கிறன்.” பிறகு, “அம்மா தைச்சதெல்லே,” என்றாள்.

“ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறன் பிள்ளை.”

கோட்டைக் கழுவக் கொடுத்துவிட்டேன். கையுறையைச் சட்டைப் பைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். என் தொழிலில் எத்தனையோ பேருடைய வாய்வார்த்தைகளை எழுதி, அச்சானதும் மறந்திருக்கிறேன். அச்சில் ஏறாமல் என்னோடு இருப்பது அன்று கீரை மேசையில் நீங்கள் சொன்ன ‘கதவு திறந்திருக்காது’ என்ற அந்த ஒன்றுதான். இப்போதும் ஒரு வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்தினால், உள்ளே காலடிச் சத்தம் கேட்கும்வரை அது காதில் நிற்கிறது.

மதுரா இருக்கும் பியர்பொன்ட்ஸுக்குப் பஸ்ஸில் நீண்ட தூரம். ஞாயிறு காலையே வெளிக்கிடுவேன். மணியை அடித்தால் லியாதான் முதலில் ஓடிவருவாள். கதவைத் திறப்பார்கள் அக்கா.

உங்கள்
தம்பி