மேசையில் விட்டுப்போன ஒப்புதல் தாள்

என் தங்கமே,

அன்றைக்குக் கூடத்தில் இருந்தது நீ, உன் அம்மா, உன் அப்பா, நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்த பெண்களைப் பற்றிய உன் சட்ட ஆராய்ச்சிக்குச் சின்ன உதவித்தொகை கேட்பதாகவும், அதில் முதல் கதை என்னுடையது என்றும் சொல்லி ஒப்புதல் தாளை நீட்டினாய்.

"வரிவரியா படிச்சுக் காட்டுறேன் பாட்டி."

"எங்க அண்ணனும் இப்படித்தான்டி படிச்சுக் காட்டினான்" என்று பேனாவைக் கீழே வைத்தேன். நாற்பத்தொரு வருஷமாயிற்று, அவன் சட்டையின் நிறம்கூட மறக்கவில்லை எனக்கு.

அந்தத் தாள் இல்லாததால் விண்ணப்பம் திரும்பிவிட்டதாம். நீ ஆராய்ச்சியையே விட்டுவிட்டாயாம். உன் அம்மாதான் சொன்னாள்.

நீ விட்டுப்போன தாளை எழுத்துக்கூட்டி மூன்று நாள் படித்தேன். அதில் ஒரு வரியில்கூட வஞ்சகம் இல்லை. கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீட்டைப் பிடுங்கிய அண்ணனைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன். உன்னையும் அவனையும் ஒரே தராசில் வைத்தாளே, அவளை மன்னிக்க மாட்டேன்.

அவள்தான்,
உன் பாட்டி