எல்லைக்கல்லில் போட்ட ஊசி

என் பிரியத்தையும் கோபத்தையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்ட அண்ணிக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது துக்கத்தில் அல்ல, எரிச்சலில். அதைக் கொட்ட இந்த மலையில் உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் நன்றாக இருக்கிறார். மாத்திரையை நான் கொடுத்தால் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "அவ குடுக்கறது இது இல்லியே" என்கிறார். அதே மாத்திரைதான் என்று தினமும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள், உங்கள் புருஷன் ஒருவரிடம் தோற்றுப்போகிறேன்.

நீங்கள் ஆரம்பித்துவைத்த செவ்வாய்க்கிழமையும் நடக்கிறது. மாதத்தில் இரண்டாம் செவ்வாய், ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "பைத்தியக்கார கோஷ்டி ஏறிக்கிச்சா?" என்று அந்தக் கண்டக்டர் இன்னும் கேட்கிறான். "ஏறிக்கிச்சுப்பா, ஒனக்கும் ஒரு சீட்டு போட்டு வச்சிருக்கோம், வந்து குந்து" என்று நீங்கள் சொல்வீர்கள். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு அது வரவில்லை. பி.ஏ. படித்தவள், வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளையன் விஷயம்.

வீட்டுக்குள் காலில் சங்கிலியோடு கிடந்தவனை நீங்கள் அவிழ்த்துக் கூட்டிவந்தது நினைவிருக்கும். மாதம் ஒரு ஊசி. அதிலேயே மனிதன் எழுந்து நின்றுவிட்டான். இப்போது இரண்டு கொல்லை நிலத்தில் சாமை விதைத்திருக்கிறான். ஊசி பத்து நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். ஒருமுறை அப்படித்தான் காட்டுக்குள் போய்விட்டான். மூன்று நாள் தேடினோம். கிடைத்ததும் அவன் அம்மா முதலில் எடுத்தது சங்கிலியைத்தான்.

போன திருவிழாவில் நீங்கள் செய்ததற்கு நான் உங்களோடு சண்டை போட்டேன். அவன் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும் வரை பதினைந்து நாள் யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. நடுவில் செவ்வாய் வந்தது. நீங்கள் ஊர்க்கவுண்டரிடம் போய், வெள்ளையனுக்கு மட்டும் காப்பு வேண்டாம் என்றீர்கள். அவர் யோசிக்கக்கூட இல்லை. "அவனுக்கு எதுக்கு காப்பு? அவன யாரு ஊர்ல ஒரு ஆளா சேத்தாங்க? தாராளமா இட்டுக்கினு போங்க." அதைக் கேட்டும் தலையை ஆட்டிவிட்டு அவனைக் கூட்டிவந்தீர்கள். அன்றைக்குப் பஸ்ஸில் நான் உங்களோடு பேசவில்லை.

இந்த வருஷம் அதைச் சரிசெய்யக் கிளம்பினேன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். உழுகிறான், விதைக்கிறான், அம்மாவைக் காப்பாற்றுகிறான், அவனுக்கு மட்டும் ஏன் காப்பு இல்லை என்று கேட்டேன். அரைமணி நேரம் முனகிவிட்டு ஊர் ஒப்புக்கொண்டது. வெள்ளையன் கையை நீட்டினான். மஞ்சள் கயிறு கட்டியதும் மற்ற ஆண்களோடு போய் வரிசையில் நின்றான். எல்லையை அடைக்கும் முன் நான் பெருமையோடு வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன்.

அவன் ஊசி நாள், காப்புக் கட்டிய மூன்றாம் நாள்.

சிரிக்கிறீர்களா அண்ணி? சிரியுங்கள். போன வருஷம் ஊரில் அவன் ஒரு ஆள் இல்லை, அதனால் ஊசி கிடைத்தது. இந்த வருஷம் நான் அவனை ஆளாக்கினேன், ஊசி போய்விட்டது.

மறுநாளே எல்லைக்கல் வரை ஓடிப்போய், உள்ளே இருந்தவனைக் கூப்பிட்டேன். "ஒரு நாள்தான்பா, போய்ட்டு வந்துடலாம்" என்றேன். அவன் மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டான். "இன்னா டீச்சர், நீங்கதான் கட்ட வச்சீங்க. இப்ப நீங்களே தாண்டச் சொல்றீங்களே."

செவ்வாயன்று மற்ற ஆறு பேரோடு கீழே போனேன். டாக்டர் மாறிவிட்டார், சின்னப் பையன். "ஆள் வராம மருந்து தர முடியாது. அந்தக் கயித்த அறுத்துட்டு வரச் சொல்லுங்க மேடம்" என்றார். கயிற்றை அறுத்தால் அவன் திரும்ப எங்கே போய் விழுவான் என்று நான் விளக்க, இது மூடநம்பிக்கை என்று அவர் விளக்க, மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் கூட்டம் முடியும் வரை அவர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாதத்துக்காக இல்லை, நான் எழுந்து போகட்டும் என்றுதான் மருந்தையும் மலை நர்ஸுக்கு ஒரு சீட்டையும் கொடுத்தார்.

நர்ஸ் சீட்டை இரண்டு முறை படித்தாள். "நான் பிரசவத்துக்குத்தாங்க. இதுக்கெல்லாம் போனதில்ல. அடிச்சுட மாட்டாரே?" சமாதானம் செய்து கூட்டிப்போனால் எல்லைக்கல்லில் நின்றுவிட்டாள். காப்புக் காலத்தில் உள்ளே போகிறவர் அவிழ்க்கும் வரை அங்கேயே தங்க வேண்டுமாம். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

ஆகவே அவள் கல்லுக்கு இந்தப் பக்கம், வெள்ளையன் அந்தப் பக்கம். இடுப்பில் போடும் ஊசி. ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. எல்லைக்கு வெளியிலிருந்து மருந்து வரலாமா என்று ஒரு விவாதம் வேறு. கவுண்டர்தான் முடித்துவைத்தார். "ஊசிக்கு யாருடா காப்பு கட்னது? அது வரும், போவும்." பிறகு தன் துண்டை உதறி, தானே மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். "திரும்புடா வெள்ளையா. நர்ஸம்மா பாத்தா போதும், ஊரு பாக்க வேணாம்."

"மாமா, பாத்து நிக்கச் சொல்லு. பின்பக்கம் எல்லையத் தாண்டிடப் போவுது" என்றது ஒரு குரல்.

முதலில் சிரித்தவன் வெள்ளையன். அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். நர்ஸ் அந்தச் சிரிப்பிலேயே ஊசியைப் போட்டு முடித்துவிட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகு கவுண்டர் துண்டை மடித்தபடி கல்லருகிலேயே நின்றார். நான் கிளம்பப் போனேன்.

"டீச்சர், இந்த ஊசி பொம்பளப் புள்ளைங்களுக்கும் போடுவாங்களா?"

யாருக்கு என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கடைசி மகளாம். ஒடுகத்தூரில் சித்தி வீட்டில் இருப்பதாக ஊருக்குச் சொல்லியிருந்த அதே பெண். மூன்று வருஷமாக உள்ளறையில் இருக்கிறாள்.

"ஒங்க அண்ணிகிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவங்க போய்ட்டாங்க. யாருக்கும் தெரியாம இட்டுக்கினு போவ முடியுமா?"

எனக்கு வந்த கோபம் எவர் மேல் என்று இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு அந்த வீட்டில் எத்தனை முறை மோர் கொடுத்திருப்பார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்திருக்கிறாள். வெள்ளையனை ஆள் இல்லை என்று அந்த மனிதர் அவ்வளவு சுலபமாகச் சொன்னது எதற்கு என்று இப்போது புரிகிறது. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்களாக இருந்தால் ஏதாவது கேலியாகச் சொல்லி அவரை நிமிர வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தத் திறமை இல்லை. "பேர் என்ன?" என்று மட்டும் கேட்டேன். மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். செல்வி.

காப்பு அவிழ்க்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணனைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சர் பார்த்துக்கொள்வாள். நாளைக் காலையில் எல்லைக்கல்லைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போய் அவளோடு உட்காரப் போகிறேன். அடுத்த இரண்டாம் செவ்வாய் அவளை ஊரே பார்க்கும்படிதான் பஸ் ஏற்றுவேன். கண்டக்டர் வாயைத் திறந்தால் நானும் திறப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு சண்டை போட்டே உங்களிடம் எல்லாம் கற்றுக்கொண்ட நாத்தனார்,
கமலா