பக்கத்து இடம்

ஜூன் 22

நான் இல்லாமலேயே தின்று, தூங்கி, பள்ளிக்கூடம் போய்வரும் ஊமைக்கோட்டானுக்கு,

வாலு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன், இந்த வகை எரிச்சலுக்கு மாத்திரை இல்லையாம்.

அந்தக் கலைப்பள்ளியின் சேர்க்கைத் தேர்வுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தானே போனோம்? நடிப்புச் சுற்றில் தேர்வாளர் மூக்கை உறிஞ்சுவதை அவர் முன்னாலேயே உறிஞ்சிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், மூக்குக்குச் சொந்தக்காரரைத் தவிர. உனக்கு இடம், எனக்குக் கைவிரிப்பு. சரி, அது என் வாய்க்கொழுப்பு. ஆனால் உன் அத்தை வீட்டு மாடியறையில் ஜன்னலோரக் கட்டில் எனக்குத்தான் என்று சொன்னாயே, அது என்னவாயிற்று? அதில் யாரோ ஒரு வயலின்காரி குடிவந்துவிட்டாளாமே. உன் கடிதம் பூராவும் அவள்தான். வயலின்காரி இப்படிச் சிரித்தாள், அப்படித் தும்மினாள். அவளுக்குக் குறட்டை உண்டா? உண்டு என்று எழுது, பொய்யானாலும் பரவாயில்லை.

நேற்று வகுப்புக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தேன். கணக்கு வாத்தியார் பாதிப் பாடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் பக்கத்தில் நீ இல்லை. பாதிச் சிரிப்பு வீண்.

உன் (இன்னும் உன்) வாலு

ஜூலை 9

என் வாலுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் படித்துச் சிரித்து மாட்டிக்கொண்டேன். அவளுக்குக் குறட்டை இல்லை, பல்லைக் கடிப்பாள். போதுமா?

நீ நினைக்கிற மாதிரி இல்லை இந்தப் பள்ளி. அரசுப் பள்ளிதான், மொத்தமே ஆறு அறை. பின்னால் கல்லூரியில் சேர வேண்டுமே என்று காலையில் கணக்கையும் கட்டுரையையும் வைத்துப் பிழிந்தெடுப்பார்கள். மதியம் அதே மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாடகம். கலை வருகிறதோ இல்லையோ, மேசை தள்ளி எனக்குத் தோள் வந்துவிட்டது.

இங்கே ஒரு விதி. ஒருவர் எதையாவது செய்து காட்டினால் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். செய்தவர் நடுவில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். நீயாக இருந்தால் மூச்சு முட்டியே போயிருப்பாய்.

போன வாரம் என் முறை. எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஒரு பெண்ணாக நடித்தேன். நடை, சிரிப்பு, அந்த மூக்குறிஞ்சல் எல்லாம் உன்னுடையவை. கேட்காமல் எடுத்துவிட்டேன். நாடக ஆசிரியை முதல்முறையாக என்னைப் பாராட்டினார். கோபமாடி? அடுத்த மாதம் மறுபடி நடிக்கிறேன். அன்று வெளியாட்களும் வட்டத்தில் உட்காரலாம். வருகிறாயா?

உன் கோட்டான்

ஜூலை 15

திருட்டுக் கோட்டானுக்கு,

என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்தாய், பொறுத்தேன். சிரிப்பையுமா? அதை வைத்துப் பாராட்டு வாங்குவது நீ. கைதட்டுவது வயலின்காரி. அதே சிரிப்புக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பது மட்டும் நான்.

வருகிறேன். நடுவில் உட்கார்ந்து நீ வாய் திறக்க முடியாது என்கிறாயே, அதற்காகவே வருகிறேன். என்னென்ன கேட்பது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வேன்.

வாலு

ஆகஸ்ட் 28

வாலு,

பரீட்சை இருந்தது. அதனால்தான் தாமதம்.

அன்று நடித்து முடித்து, வட்டத்தில் நீ கிழிக்கப் போகிறாய் என்று பயந்து நடுவில் உட்கார்ந்திருந்தேன். நீ கிழிக்கவில்லை. "அவ சிரிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து இடத்தைப் பார்ப்பா, கூடச் சிரிக்க ஆள் இருக்கான்னு. இவ அதை விட்டுட்டா" என்றாய். எழுந்து செய்தும் காட்டினாய். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மேசைமேல் உட்கார்ந்திருந்த ஆசிரியை இறங்கி நின்றுவிட்டார். இத்தனை வருடம் அந்தப் பக்கத்து இடத்தில் இருந்தவள் நான். எனக்கு அது தெரியவில்லை.

ஒரு பையன் பாதியில் விட்டுப்போன இடத்தை உனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆசிரியை வகுப்பில் சொன்னார். ஆண்டு விழாவில் அந்தப் பாத்திரமும் உனக்குத்தானாம். எனக்குத் திரை இழுக்கிற வேலை. சந்தோஷம். வயலின்காரிகூட நீ எப்போது வருவாய் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விஷயம். அத்தை வீட்டில் கட்டில் காலியில்லை. பள்ளி விடுதியில் கேட்டுப் பார்.

கோட்டான்

செப்டம்பர் 3

என் கோட்டானுக்கு,

விடுதிக்கு போன் போட்டுக் கேட்டேன். இடம் இருக்கிறதாம். அறையில் கூட இருக்கப் போவது யார் தெரியுமா? வயலின்காரி. உன் அத்தை வீட்டிலிருந்து அவள் விடுதிக்கு மாறிப் பத்துப் பதினைந்து நாளாகிறது என்றார் காப்பாளர்.

மக்கு. பொய் சொல்லத் தெரியாவிட்டால் என்னிடம் கேட்டிருக்கலாம், நல்லதாக ஒன்று கொடுத்திருப்பேன். அவள் இருக்கிற இடத்துக்கேவா வழி காட்டுவது?

கோபப்படலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. உன் கடிதத்தில் இருக்கிற எரிச்சல் எனக்குப் பழக்கம். ஜூனிலிருந்து என் காலைச் சாப்பாடே அதுதான். அதற்காக இடத்தை விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதே. பாத்திரத்தையும் தர மாட்டேன். இரண்டும் எனக்கு வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் உன் அத்தை வீட்டு வாசற்படியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். வந்து திட்டுவதையெல்லாம் திட்டித் தீர். செய்தவள் வாயைத் திறக்கக்கூடாது, உங்கள் விதிதானே? திறக்க மாட்டேன். முடித்ததும் மாடிக்கா விடுதிக்கா என்று கையை மட்டும் காட்டு. அதற்கும் மனசு வரவில்லை என்றால் விடு.

படியில் நான் பக்கத்தில் இடம் விட்டு ஓரமாகத்தான் உட்காருவேன்.

உன் வாலு