கொடைக்கு வந்த டிரான்ஸ்பார்மர்

மேலக்கரிசல்பட்டி,
ஆவணி 24.

அன்பு மகள் விஜிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. டெல்லியில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று நம்ம சந்தனமாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே கரண்டைத் தவிர எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் ஆடு பத்தப் போவதை விடமாட்டேன் என்கிறார். செவலை ஆடு மூன்று குட்டி போட்டு இரண்டு பிழைத்தது. காட்டில் புழுதி உழவு ஓட்டிப் போட்டிருக்கிறோம், புரட்டாசியில் ஒரு மழை விழுந்தால் உளுந்து போடலாம். போனில் பேசாமல் அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். இது சரிம்மா சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. ஒரு அசிங்கம் நடந்திருக்கிறது, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால் உன் வேலைக்கே கூட ஏதாவது வரலாம். முழுசாகப் படி.

கிராமத்துக் கரண்டைச் சரிபண்ண மத்திய சர்க்கார் கடன் கொடுக்கிறது, அந்தக் கடன் எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போகிறது, வேலை ஒழுங்காக முடிந்தால் கடனில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று தள்ளியும் விடுவோம் என்று நீ போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய் அல்லவா. அந்தத் திட்டத்தில் நம்ம ஊருக்கும் புது டிரான்ஸ்பார்மர் வரப்போகிறது என்று நீ சொன்னபோது நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நம்ம ஊர் கரண்டைப் பற்றி உனக்குத் தெரியாததா. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கரண்ட் எடுக்கிற காத்தாடி சுற்றுகிறது, ஆனால் நம்ம வீட்டு மிக்சியில் தேங்காய் அரைபடாது. கோடையில் கரிசல் வெடித்து மழையில் ஊதி, போஸ்ட் மரமெல்லாம் கள்ளுக் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது. அதனால் டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து இறங்கியபோது நாங்கள் மனுஷர் மாதிரி நடந்துகொள்ளவில்லை, பைத்தியக்காரர் மாதிரி நடந்துகொண்டோம்.

இந்த வேலையை எடுத்த காண்டிராக்டர் இசக்கிதுரை நாள் பார்த்துத்தான் கொண்டுவந்தான். வைகாசியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள். டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பையன்கள் சிவப்புப் பெயிண்டில் அதன் வயிற்றில் சந்தனமாரியம்மன் துணை என்று எழுதியே விட்டார்கள். மூன்று நாளும் கரண்ட் என்றால் அப்படி ஒரு கரண்ட். சீரியல் பல்பு கண்ணைப் பறித்தது. வில்லுப்பாட்டுக்காரர் மைக் ஒரு தடவை கூட இழுக்கவில்லை. தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடியது, அதைப் பார்த்துப் பொம்பளைகள் குலவை போட்டார்கள். மதியக்கொடை அன்று இசக்கிதுரைக்குத் தலைப்பாக் கட்டி மரியாதை செய்தோம். தலைப்பாவோடு வந்து என் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினான். மூணாவது வார்டு மெம்பர் நான்தானே. வேலை முடிந்தது, ஊருக்கு முழு திருப்தி என்று அச்சடித்திருந்தது. மைனி, அம்மன் சன்னதியில வச்சுக் கேக்குதேன், ஒரு கையெழுத்துதான என்றான். காப்புக் கட்டிய கை. கொடையில் ஒருவர் கேட்டு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது நம்ம ஊர் வழக்கம், அது அந்தப் பயலுக்கும் தெரியும். கையில் பூசியிருந்த மஞ்சள், காகிதத்தில் ஒட்ட ஒட்டக் கையெழுத்துப் போட்டேன்.

கொடை முடிந்து காப்பை அவிழ்த்து இரண்டு நாள் கூட ஆகவில்லை. கிரேன் வந்தது. ஆயில் ஒழுகுகிறது, கம்பெனிக்குப் போய்ச் சரிபண்ணி ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பழையதையே திரும்ப மாட்டினார்கள். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. ஆடியில் வோல்டேஜ் இறங்கித் தண்ணித் தொட்டி மோட்டாருக்குள் காயில் கம்பி கருகிப்போனது. அன்றிலிருந்து டிராக்டரில் வருகிற தண்ணீரைத்தான் ஊரே விலைக்கு வாங்குகிறது. அப்பவும் நான் இசக்கிதுரைக்குப் போன் போட்டுக்கொண்டு நம்பிக்கொண்டுதான் இருந்தேன். புத்தி கெட்டவள். பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் மகள் வீட்டுக் கொடைக்குப் புதூர்ப் பக்கம் போய்விட்டு வந்து சொன்னாள். அங்கன கோயிலுக்கு எதிரே புதுசாக ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றதாம், வயிற்றில் நம்ம பிள்ளைகள் எழுதிய சந்தனமாரியம்மன் துணை அப்படியே இருந்ததாம். அந்த ஊர் அம்மன் பேர் வேறே. இது என்ன என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, அது எங்க வீட்டு நேர்த்திக்கடன் அண்ணாச்சி என்று இசக்கிதுரை சொன்னானாம். அங்கேயும் தலைப்பா, அங்கேயும் கையெழுத்து. ஒரே டிரான்ஸ்பார்மரை ஊர் ஊராகக் கொடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். கரகாட்டக்காரர்கள் கூட ஆடிவிட்டுத்தான் காசு வாங்குகிறார்கள், விஜி.

கரண்ட் ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒரு அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்க ஊர் வேலை முடிஞ்சு போச்சும்மா, மெம்பர் கையெழுத்தே இருக்கே என்று என்னிடமே சொன்னார். அந்த மெம்பர் நான்தான் ஐயா என்றேன். அப்ப நீங்களே முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டீங்களே என்று சிரித்தார். நம்ம லைன்மேன் தங்கப்பாண்டியன் மட்டும் வெளியே வந்து, யக்கா, எல்லாருக்கும் தெரியும், எவனும் வாயத் தொறக்க மாட்டான், நானும் தொறக்க முடியாது, புள்ளகுட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போனான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரத்தையே சைக்கிளில் வைத்து வாடகைக்கு விடுகிறான். தண்ணீர் டிராக்டர் வந்து நிற்கிற இடத்தில் சொர்ணத்தாய் எல்லார் முன்னாலும் கேட்டாள், நீ போட்ட கையெழுத்துல தண்ணி பிடிச்சுக் குடிக்கவாட்டி என்று. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் ஆபீஸுக்குப் போனது தெரிந்ததும் இசக்கிதுரை வீட்டுக்கே வந்தான். கையில் ஒரு இன்வெர்ட்டர், கூட பேட்டரி. மைனி, ஒங்களுக்கு மட்டும் எதுக்கு இந்தக் கஷ்டம், வச்சுக்கிடுங்க என்று அவனே மாட்டிக் கொடுத்தான். போகிற போக்கில், ஒங்க மக அந்தக் கடன் குடுக்க ஆபீஸ்லதான இருக்கா, நீங்க கையெழுத்துப் பொய்யின்னு எழுதிக் குடுத்தா அவளையும்லா விசாரிப்பாவ, பாத்துக்கிடுங்க என்றான். எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா. அந்த மரியாதைதான் அருவருப்பாக இருந்தது. அப்பாவோ, கெடந்துட்டுப் போகுது விடுட்டி, பிள்ள வேலையில கைய வச்சிராத என்கிறார். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் அந்த ஃபேன் காற்றில் நானும் படுத்தேன். சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தெருவில் குடத்துச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றியது. தூ என்று ஆகிவிட்டது எனக்கு. இசக்கிதுரையைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

போன திங்கள்கிழமை தூத்துக்குடிக்குக் கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போனேன். இன்வெர்ட்டர் பெட்டியைச் சாக்கில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டேன், பேட்டரியைத் தூக்க முடியவில்லை. அப்பா வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் வருகிற நேரம் பார்த்தால் சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டி நொண்டி நொண்டி உருட்டிக்கொண்டு வருகிறார். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். வாசலில் போலீஸ் என்னவோ ஏதோ என்று சாக்கை அவிழ்க்கச் சொல்லி ஒரே கலாட்டா. உள்ளே இருந்த அம்மா அதிகாரி இது என்ன என்று கேட்டார்கள். இது என் கையெழுத்துக்குக் கொடுத்த கூலிம்மா, நான் போட்ட கையெழுத்துப் பொய், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். முழுசாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நீங்களும் குற்றத்துக்கு உடந்தைதானே, தெரிந்துதான் எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார்கள். தெரிந்துதான் என்றேன். கடைசியில், உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தத் திட்டம் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு உன் பேரைச் சொன்னேன், ஆபீஸ் பேரையும் சொன்னேன். கேட்டுக் கேட்டு எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் அப்பாவும் நானும் திரும்பி வந்தோம். ஒட்டப்பிடாரம் தாண்டியதும், பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாட்டி என்றார். கேட்டிருக்கலாம்தான். உன் படிப்பு, உன் வேலை, நீ ராப்பகலாகக் கண் விழித்து எழுதிய பரீட்சை, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேட்காததற்குக் காரணம் நேரம் இல்லாதது இல்லை, போன் இல்லாததும் இல்லை. கேட்டால் எதற்கும்மா வம்பு, விட்டுவிடு என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. இசக்கிதுரை சொன்னால் காறித் துப்பலாம், அந்த ஆபீஸர் சிரித்தால் மனுப் போடலாம். அதே வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் நான் என்ன செய்வேன், சொல்லு.

விசாரணை என்று யாராவது உன்னைக் கூப்பிட்டால் பயப்படாமல் உள்ளதைச் சொல். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, படிக்காதவள் என்று மட்டும் சொல்லிவிடாதே, எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறேன், அச்சடித்ததை வாசித்துவிட்டுத்தான் போட்டேன். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. தீர்க்காயுசாக, தலை நிமிர்ந்து இரு. மறக்காமல் பதில் போடு. போன் பண்ண வேண்டாம், காகிதத்தில் எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
கு. பாலம்மாள்,
மூணாவது வார்டு மெம்பர்.