இடம் மாறிய பொத்தான்

காலை ரயில் அனுப்பம்பட்டைத் தாண்டியதும் எதிரே இருந்த பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இறால் தொக்கு. பெட்டி முழுக்க அந்த வாசனை பரவியதும் நீ நினைவில் வந்து நின்றாய். ஆபீசில் நீ மூடியைத் திறந்தால் நம் டீம் லீடர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பான். நீ வேண்டுமென்றே இன்னும் அகலத் திறந்து வைப்பாய். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

ஏரிக்கரையில் ஒரே குப்பத்திலிருந்து, மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு நாம் இருவரும் சென்னைக்குப் போனோம். ஆள் உட்கார்ந்து திரையில் செய்வதையெல்லாம் நாம் எழுதும் நிரல் தானாகச் செய்து பார்க்கும். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அதற்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். மருத்துவமனை முன்பதிவுச் செயலி நம் கைக்கு வந்தபோது டீம் லீடரான அவன் சொன்னான்: "மேலேர்ந்து மூணாவது கட்டம், அதுல ரெண்டாவது பட்டன்னு எழுது. சீக்கிரம் முடியும்."

நீ ஒப்பவில்லை. "சார், கரையிலேர்ந்து மூணாவது வலைன்னு அடையாளம் வெச்சா, நடுவுல ஒருத்தன் வந்து போட்டுட்டான்னா அவன் வலையத்தான தூக்குவோம்? எங்க நைனா வலைக்குத் துணி கட்டுவாரு. ஒவ்வொரு பட்டனுக்கும் மாறாத பேரு ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க டெவலப்பர்கிட்ட."

"மீன் கதையெல்லாம் வீட்ல வெச்சுக்கோ. சொன்னத செய்."

செய்தாய். நீ பயந்தபடியே ஆயிற்று. வெளியிடும் முன் "உறுதி செய்" பொத்தானுக்கு மேலே "பிறகு பார்க்கலாம்" என்று இன்னொன்றை நுழைத்தார்கள். நிரல் போய்ப் புதுசை அமுக்கியது. திரை நகர்ந்தது, சோதனை தேறியது என்று பச்சை விழுந்தது. உறுதி செய்யும் பொத்தான் வேலையே செய்யவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று. வெளியூரிலிருந்து வந்த நோயாளிகள் மருத்துவமனை வாசலில் நின்றார்கள். உள்ளே அவர்கள் பேரில் பதிவே இல்லை.

வாடிக்கையாளர் கூட்டத்தில் அவன் உன்னைக் காட்டினான். "இந்தப் பொண்ணு சரியா எழுதல." நீ வாய் திறப்பதற்குள் கூட்டம் கலைந்தது. சில நாளில் உன் வேலையும் போயிற்று. அப்புறம் நீ தேர்வான இடங்களிலிருந்தெல்லாம் விசாரித்து அவனுக்குத்தான் போன் வந்தது. என் காதில் விழும்படியே சொல்வான்: "நம்பி எடுக்காதீங்க."

கடைசியில் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிடங்கில் சேர்ந்தாய். ஒரு மழை நாளில் வேலைக்குப் போகும் வழியில் கண்டெய்னர் லாரி உன் ஸ்கூட்டியை இடித்தது. அந்தச் சாலைக்கு உன்னை விரட்டியது அவன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

"அவன்கிட்ட எப்படிடி வேல பாக்குற?" என்று குப்பத்தில் எல்லாரும் கேட்டார்கள். நான் வேலையை விடவில்லை. தினமும் அவனுக்கு வணக்கம் சொன்னேன். அவன் ஜோக்குக்குச் சிரித்தேன். காத்திருந்தேன்.

புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள். வங்கிச் செயலி. அவன் அதே பழைய வழியில் அவசரமாக எழுதி, பெரிய திரையில் ஓட்டிக் காட்டினான். வரிசையாகப் பச்சை. "எல்லாம் நானே எழுதினது," என்றான். அந்தச் சொல்லுக்காகத்தான் அத்தனை நாளும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"சார், மேல சின்னதா ஒரு விளம்பரக் கட்டம் சேர்த்துட்டு, இன்னொரு வாட்டி ஓட்டிப் பார்க்கலாமா?"

வாடிக்கையாளர் பக்கத்து அம்மாள் தலையசைத்தார். டெவலப்பர் சேர்த்தார். மற்ற கட்டங்கள் கீழே இறங்கின. "பணம் அனுப்பு" இருந்த இடத்துக்கு "கணக்கை மூடு" வந்தது. நிரல் நேரே போய் அதை அமுக்கியது. அடுத்த திரை வந்ததா என்று மட்டும் பார்க்கும்படிதான் அவன் எழுதியிருந்தான். அடுத்த திரை வந்தது. பச்சை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கஸ்டமரோட கணக்கையே மூடிட்டு, பாஸ்னு சொல்லுதா?"

அவன் என் பக்கம் திரும்பினான். கை பாதி எழுந்தது. ஆனால் இந்த முறை யாரைக் காட்டுவான்? நான் எழுந்து உன் பெயரைச் சொன்னேன். "முன்னாடியும் இதேதான் நடந்துது. வேணாம்னு சொன்ன அவ மேலயே பழியப் போட்டீங்க. அவ இப்ப உயிரோட இல்ல."

அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். இனித்தது. உன்னிடம் எதற்குப் பொய்?

அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நிமிராமலே கேட்டாள்: "வேல போச்சு. அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்த."

"அவன் பேரு இன்னா?"

சொன்னேன்.

"அந்தப் பேருல ஊருக்குப் பத்துப் பேரு கீறானுங்க. நான் அம்மன்கிட்ட சொல்லப் போறேன். சாபம் வேற எவன் தலமேலயாவது உழுந்துடப் போவுது. அவன் அப்பன் பேரு சொல்லு. எந்த ஊரு, எந்தத் தெரு, அதையும் சொல்லு."

எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னாள், நான் திருத்தினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள்.

போனது போகட்டும் அத்தை, விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இன்றுவரை எழவில்லை. அவள் பின்னாலேயே நானும் போனேன்.