மஞ்சள் இறங்கிய வாரம்

அண்ணா,

இன்று மரவள்ளிக் கொல்லையில் களை பறித்தபோது கையெல்லாம் கீழாநெல்லி வாசம். சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாசம் வந்தாலே எனக்கு உன்மேல் ஆத்திரம் வருகிறது. செத்தவரிடம் கோபப்படலாமா என்று கேட்காதே. படுவேன்.

குடிக்காத உனக்கு ஈரல் சுருங்கியது, எப்போதோ ஒட்டிக்கொண்ட காமாலைக் கிருமியால். நம்மூர் வடக்கனந்தலில் யாரும் நம்பவில்லை. "ஒளிஞ்சி குடிச்சிருப்பான்" என்றார்கள். எனக்கு அதுவா கவலை? டாக்டரம்மா சொன்னதுதான் தூங்கவிடவில்லை. "மஞ்சள் அளவ மட்டும் பாக்காதீங்க. ரத்தம் உறையுற நேரம், கிட்னி உப்பு, எல்லாத்தையும் சேத்து ஒரு மார்க் போடுவோம். அது ஏறினா நாள் கம்மின்னு அர்த்தம். ஈரல் மாத்துறதுதான் வழி."

என் ரத்தம் உனக்குப் பொருந்தியது. ஈரலில் பாதியைக் கொடுக்க நான் தயார். என் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். நீயோ கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போய், வெறும் வயிற்றில் கீழாநெல்லிப் பச்சிலை அரைத்துக் குடித்து, உப்பில்லாச் சோறு தின்றுகொண்டிருந்தாய்.

அடுத்த சோதனையில் மஞ்சள் இறங்கியிருந்தது. வீடே சிரித்தது. பத்தியம் முடிந்ததென்று அண்ணி கறிக்குழம்புக்கு மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிட்டார். நான் தாளை முழுதும் படித்தேன். கீழே இருந்த மற்ற இரண்டும், ரத்தம் உறையும் நேரமும் கிட்னி உப்பும், ஏறியிருந்தன.

"அண்ணா, மத்த ரெண்டும் ஜாஸ்தியா இருக்குது. கெளம்பு, போலாம்."

"மஞ்சள்தான் எறங்கிடுச்சே பாப்பா. இன்னாத்துக்கு உன்னப் போட்டு அறுக்கணும்?"

கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றாய். தினமும் விடிந்ததும் ஓடிவந்து உன் வயிறு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ஒருநாள் ரத்த வாந்தி. டாக்டரம்மா புது மார்க்கைப் பார்த்தார். "இனிமே ஆபரேஷன் தாங்க மாட்டாரும்மா" என்றார்.

வார்டில் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தாய்.

"கீழ இருந்த நம்பரையும் பாத்தேன் பாப்பா. பொங்க சீரு அண்ணன்தான் தங்கச்சிக்குக் குடுக்கணும். உன்ன அறுத்து வாங்கிக்கினு உன் வூட்டு வாசப்படி நான் எப்பிடி ஏறுவேன்?"

இந்தப் பொங்கலுக்கும் அண்ணி முறை தவறாமல் கரும்பு, வெல்லம், புடவை அனுப்பினார். அழுதுகொண்டே வாங்கிக்கொண்டேன்.

உனக்கென்று நான் நினைத்த பாதி இன்னும் என்னிடமே இருக்கிறது. சில நேரம் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நன்றாக வேலை செய்கிறது, அண்ணா.