பெட்டியின் மூலையில் மிஞ்சியது

நீர்வேலி தெற்கு
18.03.2025

அன்பு மருமகள் கிர்ஸ்டன் அறிவது,

நீரும் பேத்தி தாரிகாவும் உடல்நலத்தோடு இருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன். இங்கே மாமிக்குப் பிரஷர் கூடிக் குறைகிறது. காற்றுக்கு எட்டு வாழை முறிந்துவிட்டது. முந்தியென்றால் ஒரு கிழமை முழுவதும் அதையே கதைத்துக்கொண்டிருப்பேன்.

இதை உமக்கு வாசித்துச் சொல்லப்போவது உம்முடைய பக்கத்து வீட்டுச் சுவர்ணா என்று தெரியும். சுவர்ணா பிள்ளை, அன்றைக்குத் தொலைபேசியில் நான் கத்தியதை நீங்கள் மெதுவாக்கித்தான் டேனிஷில் சொல்லியிருப்பீர்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றையும் மெதுவாக்க வேண்டாம்.

கிர்ஸ்டன், என் மகன் கோகுலனின் சாம்பலை உம்முடைய தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் புதைத்து, பெயரும் திகதியும் எழுதிய கல் வைக்கப்போவதாகச் சொன்னீர். போய் நினைக்க ஓர் இடம் வேண்டும், தாரிகா ஞாயிற்றுக்கிழமைகளில் பூ வைக்க வேண்டும் என்றீர். நான் விடவில்லை. "எரிச்ச உடம்புக்குக் கல் என்னத்துக்கு? ஒரு பிடியும் மிஞ்சப்படாது. எல்லாத்தையும் அனுப்பச் சொல்லுங்கோ" என்றேன். உடம்பு இரவல், அதைப் பிடித்து வைத்திருந்தால் உயிர் அலையும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு பிறப்புத்தான். அதற்கு அடையாளம் வைக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. நீர் மறுபேச்சில்லாமல் முழுவதையும் கோகுலனின் கூட்டாளி றோயிடம் கொடுத்துவிட்டீர்.

றோய் அந்தப் பெட்டியை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். சாம்பலை வீட்டுக்குள் எடுக்கிற வழக்கம் இல்லை. அதனால் தோட்டத்துக் கொட்டிலில் வைத்தோம். மாமி அங்கேயே போய் இருந்துவிட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

முப்பத்தோராம் நாள், சாம்பலைக் கடலில் கரைக்கும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் புறப்பட்டோம். வண்டியில் ஏறப்போன என்னை மாமி மறித்தார். "எல்லாத்தையும் கரைச்சுப்போட்டு வரப்போறியள். பிறகு நான் எங்கை போய் அவனை நினைக்கிறது?" என்று கேட்டார். கோயில் இருக்குத்தானே என்று எரிந்து விழுந்தேன்.

மகன் எனக்குச் செய்ய வேண்டியதை மகனுக்கு நான் செய்தேன். இடுப்பளவு கடலில் நின்று கரைத்தேன். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பெட்டியின் மூலையில் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அலம்பிவிடச் சொன்னார் ஐயர். அப்போதுதான் மாமி கேட்டது நெஞ்சில் குத்தியது. அதைத்தானே தொலைபேசியில் நீரும் சொன்னீர். மூடியை அழுத்தி மூடினேன். "அலம்பியாச்சு ஐயா" என்றேன். எழுபத்தாறு வயதில், தீர்த்தத்தில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

திரும்பி வரும்போது றோய் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். வெறும் பெட்டியையாவது திருப்பிக் கொண்டுவரச் சொல்லி நீர் கேட்டீராம். அதைப் புதைத்துக் கல் வைக்கலாம் என்று நினைத்தீராம். வண்டியில் இருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

அவன் இனி எங்கேயோ பிறப்பான் என்று ஐயர் ஆறுதல் சொல்கிறார். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால், பிறந்தாலும் அவன் வேறு யாரோ ஒருவருடைய பிள்ளையாகத்தானே பிறப்பான்? எனக்கு வேண்டியது இந்தப் பிறப்பில் என் மகனாக இருந்த கோகுலன். உம்முடைய கல்லின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

பெட்டியை மாமியிடம் திறந்து காட்டினேன். இரண்டு வீட்டுக்குப் பிரிக்க அது போதாது. "கிர்ஸ்டனுக்கே குடுத்துவிடுங்கோ. பிள்ளை அங்கையெல்லோ இருக்கு" என்றார். தன் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றித் தந்தார். வருகிற வெள்ளிக்கிழமை றோய் புறப்படுகிறார். இந்தக் கடிதமும் பெட்டியும் அவரோடு வரும்.

கல்லை வையும். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியும், முடியாவிட்டாலும் கல்லை வையும். பெயரைத் தமிழிலும் வெட்டச் சொல்லும். வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாதென்பதால் கடைசித் தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன். மூன்று தாள் பழுதாய்ப் போயிற்று.

கல் வைத்த பிறகு ஒரு படம் அனுப்பும். மாமி இப்போதே சாமியறைச் சுவரில் அதற்கு ஆணி அடித்துவிட்டார். செத்தவர்களின் படம் அங்கே வைப்பதில்லை. ஆணியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

பிள்ளை தாரிகா நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் இனி அவ்வளவு தூரம் வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பூ வைக்கும்போது, எங்களுக்காகவும் ஒன்று வைக்கச் சொல்லும்.

உம்முடைய மாமா,
க. இளையதம்பி

(கடைசித் தாள்)

கோகுலன்